நஞ்சேறிய மண்ணில் பூவுக்கு என்ன வேலை?

நன்செய் என்ற சொல்லைத்தான் பேச்சில் நஞ்சை என்கிறோம். நல்ல செய், அதாவது நல்ல வயல் என்பது அதன் பொருள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் தொழில் பரவிய ஊர்களில் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால், நஞ்சு என்பதுதான் முதலில் காதில் விழுகிறது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. குரோமியம் உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை வந்தபோது, வேதிப்பொருள்களும் உப்பும் கலந்த கழிவுநீர் வாய்க்காலிலும் ஏரியிலும் வயலிலும் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு ஆகாததாகிவிட்டது என்று பதிவுசெய்தது. அந்த நிலத்துக்கு உரியவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? அந்தக் கேள்வியோடுதான் இன்றைய தலைப்பை அணுகுகிறேன்.

பூச்செடிகளை நட்டால் அவை மண்ணிலுள்ள கன உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும், நிலம் சுத்தமாகிவிடும் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. செண்டுமல்லி, காசித்தும்பை, அந்திமந்தாரை, சூரியகாந்தி, கல்வாழை என்று பட்டியலும் கூடவே வருகிறது. செய்தியில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை சொல்லப்படும் விதத்தில் பிழை இருக்கிறது. பூச்செடி செய்யும் பெரிய வேலை, உலோகத்தை மண்ணிலிருந்து வெளியே எடுப்பது அன்று. அந்த உலோகம் நம் சோற்றுத் தட்டுக்கு வந்து சேரும் வழியை அடைப்பதும், அடைத்திருக்கும் காலம் முழுதும் நிலத்துக்காரருக்கு ஒரு வருமானம் தருவதும்தான். இந்த வேறுபாட்டை மறந்து நட்டால் பத்து ஆண்டில் ஏமாற்றம் மிஞ்சும். அதை மனத்தில் வைத்து நட்டால் பூச்செடி நமக்குக் கிடைத்த நல்ல கருவி.

முதலில் நஞ்சு எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். பூச்சிக்கொல்லியோ எண்ணெயோ மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் நாளடைவில் அதைச் சிதைத்துவிடக் கூடும். காட்மியமும் ஈயமும் குரோமியமும் தனிமங்கள். அவற்றைச் சிதைக்க எந்த உயிராலும் ஆகாது. இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், அவ்வளவுதான். ஜப்பானின் தொயாமா மாநிலத்தில், கமியோகா சுரங்கத்திலிருந்து ஜின்சூ ஆற்றில் கலந்த காட்மியம் பாசனநீர் வழியாக வயலுக்கு வந்தது, வயலிலிருந்து அரிசிக்கு வந்தது. அந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களின் எலும்புகள் நொறுங்கின, சிறுநீரகங்கள் பழுதாயின. வலி தாளாமல் அவர்கள் கதறிய சொல்லே நோயின் பெயராகி, இத்தாய் இத்தாய் என்று வழங்குகிறது. 1968இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று அதிகாரபூர்வமாக ஏற்றது. இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: மண்ணில் கிடந்த காட்மியம் மக்களை முடக்க, அன்றாடச் சோறுதான் வழியாக இருந்தது.

இனி வேரின் பக்கம் வருவோம். செடிக்குக் காட்மியம் வேண்டாம். அதற்குத் துத்தநாகமும் இரும்பும் வேண்டும். அவற்றை உள்ளே விடுவதற்கென வேரில் இருக்கும் வாயில்களின் வழியே, உருவில் ஒத்த காட்மியமும் நுழைந்துவிடுகிறது. இப்படியே ஆர்சனிக்கைச் சுமந்த ஆர்சனேட்டு பாஸ்பேட்டின் வாயிலிலும், குரோமியத்தைச் சுமந்த குரோமேட்டு சல்பேட்டின் வாயிலிலும் புகுகின்றன. உள்ளே வந்த நஞ்சைச் செடி சும்மா விடுவதில்லை. கந்தகம் செறிந்த சிறு புரதத் துணுக்குகளால் அதைக் கட்டிப்போடுகிறது, உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குமிழியில் அடைத்து வைக்கிறது. இந்தக் காவலில் சில செடிகள் அசாத்தியத் திறன் பெற்றவை. 2001இல் லேனா மா என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும், புளோரிடாவில் மரக்கட்டைகளுக்குக் காப்பு மருந்தூட்டிய இடமொன்றில் வளர்ந்திருந்த டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியை ஆராய்ந்து, அதன் உலர்ந்த இலையில் கிலோவுக்கு ஏழாயிரம் மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்ததை வெளியிட்டார்கள். தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கப்படும் பெரணிதான் அது. அழகுச்செடிகள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியதற்கு இத்தகைய கண்டுபிடிப்புகளும் காரணம். சீன ஆய்வாளர்கள் காசித்தும்பையையும் அந்திமந்தாரையையும் காட்மியம் கலந்த மண்ணில் வளர்த்து அவற்றின் தாங்குதிறனைக் காட்டினார்கள். போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தில் செண்டுமல்லி, செவ்வந்தி, சம்பங்கி, கிளாடியோலஸ் ஆகியவை சோதிக்கப்பட்டன.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது ஒரு கணக்கைக் கூடவே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் அதன் எடை ஏறத்தாழ 2,600 டன். அந்த மண்ணில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாகவும், அதை 2 மில்லிகிராமுக்குக் குறைக்க விரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம். வெளியேற்ற வேண்டியது 7,800 கிராம். ஒரு போகம் செண்டுமல்லி, காய்ந்த எடையில் 5 டன் தருகிறது என்றும், அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் காட்மியம் ஏறுகிறது என்றும் தாராளமாகவே கொண்டால், ஒரு போகத்தில் வெளியேறுவது 250 கிராம். ஆக 31 போகம். ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் பதினாறு ஆண்டுகள். மண்ணில் உலோகம் குறையக் குறைய உறிஞ்சுவதும் குறையும் என்பதால் காலம் இன்னும் நீளும். ஆனாலும் ஒரு தலைமுறைக்குள் முடியும் வேலை இது. இதே கணக்கைக் குரோமியத்துக்குப் போடுங்கள். கிலோவுக்கு 500 மில்லிகிராமிலிருந்து 100க்குக் கொண்டுவர 1,040 கிலோவை வெளியேற்ற வேண்டும். செடியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறினாலும் ஒரு போகத்தில் போவது அரைக் கிலோ. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போகங்கள், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

எனவே எல்லா உலோகத்துக்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள். காட்மியத்தை மெல்ல எடுக்கலாம். குரோமியத்தையும் ஈயத்தையும் பூச்செடியால் எடுத்து முடிக்க இயலாது, பிடித்துவைக்கலாம். குரோமியத்தின் இயல்பே அதற்கு இடம் தருகிறது. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆறிணைதிறக் குரோமியம் நீரில் கரைந்து ஓடும், கிணற்றில் இறங்கும், புற்றுநோய் தரும். மூவிணைதிறக் குரோமியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். தொழு உரமும் மக்கிய இலைதழையும் மண்ணில் சேரும்போது முதல் வகை இரண்டாம் வகையாக மாறுகிறது. செடிக்குள் போகிற குரோமியமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடுகிறது, தண்டுக்கும் பூவுக்கும் மிகக் குறைவாகவே ஏறுகிறது. உறிஞ்சி எடுக்க நினைப்பவருக்கு இது குறையாகத் தெரியும். பிடித்துவைக்க நினைப்பவருக்கு இதுவே வரம். மண்ணை மூடி நிற்கும் செடி, கோடையில் புழுதி பறக்காமலும் மழையில் மண் அரித்து ஓடாமலும் காக்கிறது. விற்பனைக்குப் போகும் பூவோ ஏறக்குறையச் சுத்தமாகவே போகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். பூச்செடிதான் வேண்டுமா, வேறு மரமோ புல்லோ கூடாதா? கூடும். வெட்டிவேர் இந்த வேலைக்குப் பேர்போனது, அதையும் நடலாம். ஆனால் சிறு விவசாயியின் கையில் இருப்பது ஒன்றரை ஏக்கரோ இரண்டு ஏக்கரோ. மரம் வெட்டுக்கு வரும்வரை அவர் என்ன சாப்பிடுவார்? நெல்லையும் கத்தரியையும் கீரையையும் விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. விட்டதற்கு ஈடாக அன்றாடம் கையில் காசு புரளும் பயிர் ஒன்றைக் காட்டாவிட்டால், அவர் அந்த மண்ணிலேயே கீரை விதைப்பார், அந்தக் கீரை நம் சந்தைக்கே வரும். தமிழ்நாட்டுச் சிறு உழவரின் பயிர்களில் தினமும் பறித்து, தினமும் மண்டிக்கு அனுப்பி, வாய்க்குள் போகாமலே விலை பெறுவது பூ ஒன்றுதான். தலைக்கும் சாமிக்கும் மணமேடைக்கும் மயானத்துக்கும் பூ வேண்டும் என்ற நம் வாழ்க்கைமுறை, வேறு பல நாடுகளுக்கு வாய்க்காத ஒரு சந்தையை நமக்கு வைத்திருக்கிறது. சீரமைப்புத் திட்டம் தீட்டுகிறவர்கள் இந்தச் சந்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அந்தப் பூவே நஞ்சைச் சுமந்து வராதா? பொதுவாக உலோகம் வேரில் மிகுதியாகவும், தண்டிலும் இலையிலும் அதைவிடக் குறைவாகவும், பூவில் இன்னும் குறைவாகவும் இருக்கும். இதழுக்குள் கட்டுண்ட சிறு அளவு உலோகம் கூந்தலில் சூடுவதால் உடம்புக்குள் போய்விடாது. ஆனால் பூ எப்போதும் கூந்தலோடு நிற்பதில்லை. செண்டுமல்லி இதழிலிருந்து எடுக்கும் லூட்டீன் கோழித் தீவனத்திலும் மாத்திரையிலும் சேர்கிறது. ரோஜா இதழ் குல்கந்தாகிறது. கோயிலில் கழித்த மாலையை மாடு தின்கிறது, எஞ்சியது உரக்குழிக்குப் போய் இன்னொரு தோட்டத்து மண்ணாகிறது. ஆகவே எந்த மண்ணில் எந்தப் பூ என்பதை முறைப்படுத்தியே ஆக வேண்டும். காட்மியம் கலந்த நிலத்துச் செண்டுமல்லி சாறு எடுக்கும் ஆலைக்குப் போகக் கூடாது. ரோஜாவும் அங்கே கூடாது. பாலாற்றுப் படுகைக்கு என் பரிந்துரை அரளி. தோல் கழிவில் குரோமியத்தோடு மூட்டை மூட்டையாகச் சமையலுப்பும் கலந்திருப்பதால், உப்புப் பூத்த மண்ணையும் வறட்சியையும் தாங்கும் செடியே அங்கே நிலைக்கும். அரளி தாங்கும். ஒருமுறை நட்டால் பல ஆண்டு நிற்பதால் மண்ணை அடிக்கடி கிளறத் தேவையில்லை. சேலம் மாவட்டத்தில் மாலைக்கென ஏக்கர் கணக்கில் பயிராகி, சந்தையில் இடம்பிடித்த பூ அது. எல்லாவற்றுக்கும் மேலாக, இயல்பிலேயே நச்சுத்தன்மை உள்ள அரளியில் ஆடும் மாடும் பொதுவாக வாய்வைப்பதில்லை. உணவுச் சங்கிலியை அறுப்பதே நம் நோக்கம் என்றால், கால்நடை தீண்டாத செடியைவிடப் பொருத்தமானது எது?

அறுவடை செய்த செடி எங்கே போகும் என்பது மூன்றாவது கேள்வி. காட்மியத்தை உறிஞ்சிய செண்டுமல்லித் தட்டையை வரப்பில் போட்டு எரித்தால், உறிஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போய் ஊரின் மூச்சில் கலக்கும். உழுது மடக்கினால் எடுத்ததெல்லாம் மண்ணுக்கே திரும்பும். அடுப்பெரிக்கக் கொடுத்தால் ஒரு வீட்டுச் சமையற்கட்டில் நஞ்சு குடியேறும். வேரோடு பிடுங்கி, உலர்த்தி, புகைவடிகட்டி உள்ள உலையில் எரித்து, சாம்பலை அபாயக் கழிவுக்கென்றே அமைந்த கிடங்கில் சேர்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய கிடங்கு இருக்கிறது. நாம் முன்பு போட்ட கணக்கில், 31 போகத்துத் தட்டையையும் எரித்தால் மிஞ்சும் சாம்பல், பத்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், 15 டன் அளவில்தான் இருக்கும். 2,600 டன் மண்ணைத் தோண்டி எங்கே கொட்டுவது என்று திகைப்பதோடு ஒப்பிட்டால் இது கைக்கடங்கிய வேலை. ஆனால் தட்டையைச் சேகரிக்க ஓர் ஏற்பாடு இல்லையென்றால், காட்மிய நிலத்தில் செண்டுமல்லியை நடாமலிருப்பதே மேல்.

செடிகளை நம்பிப் பொய்த்த அனுபவங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் அந்த வட்டாரத்தில் மக்கள் பெரும் நம்பிக்கையோடு சூரியகாந்தி விதைத்தார்கள். மண்ணில் படிந்த சீசியத்தை அது இழுத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பான் வேளாண் அமைச்சகம் தன் சோதனை முடிவை அறிவித்தது: சூரியகாந்தியால் பலன் மிகச் சொற்பம், மேல்மண்ணைச் சில சென்டிமீட்டர் சுரண்டி எடுப்பதே பயன் தருகிறது. களிமண் அடுக்குகளுக்குள் சீசியம் இறுகப் பூட்டிக்கொண்டதால் வேருக்கு அது எட்டவில்லை. ஆய்வகத் தொட்டிக்கும் வயலுக்கும் உள்ள தூரம் இதுதான். தொட்டியில் அன்றைக்குக் கலந்த உலோக உப்பு வேருக்கு எளிதில் கிடைக்கும். வயலில் முப்பது நாற்பது ஆண்டாக ஊறிய உலோகம் மண்ணோடு பிணைந்து கிடக்கும். தொட்டியில் கண்ட எண்ணிக்கையை அப்படியே ஏக்கருக்குப் பெருக்கிச் சொல்லும் அறிக்கைகளை நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வேருக்கு எட்டாததை ஈடிடிஏ போன்ற வேதிப்பொருளை ஊற்றிக் கரைத்துக் கொடுக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். கரைந்த உலோகம் முழுவதும் வேருக்குப் போகாது, மீதி நிலத்தடிநீருக்கு இறங்கும். கிணற்றை நம்பி வாழும் பாலாற்று ஊர்களில் அந்தக் குறுக்குவழி கூடவே கூடாது.

செடித் தேர்விலும் ஓர் எல்லை வேண்டும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உன்னிச்செடி இன்று மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் எத்தனை பரப்பை விழுங்கியிருக்கிறது என்பதை வனத்துறையினர் அறிவார்கள். பூவின் அழகுக்காக உலகெங்கும் பரப்பப்பட்ட ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக் கிடக்கிறது. இரண்டுமே உலோகத்தைத் தாங்கும், உறிஞ்சவும் செய்யும் என்று ஆய்வுகள் உண்டு. அதற்காக அவற்றை நட முடியாது. ஒரு கேட்டைத் தீர்க்க இன்னொரு கேட்டை அழைத்து வருவது சீரமைப்பு ஆகாது. அதேபோல் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலையாகக் குவிந்து கிடந்ததே, அத்தகைய இடத்துக்கும் பூச்செடி தீர்வல்ல. ஆறிணைதிறக் குரோமியம் மஞ்சளாகக் கசியும் நிலத்தில் வெறுங்கையோடு பூப்பறிக்கப் பெண்களை அனுப்புவது கொடுமை. அங்கே வேண்டியது பொறியியல்: கழிவை அகற்றி, கசிவைத் தடுத்து, நீரை உறிஞ்சிச் சுத்திகரிப்பது. குவியலைச் சுற்றி மிதமாகப் பாழ்பட்டு நீண்டு கிடக்கும் விளைநிலத்தில்தான் பூச்செடிக்கு வேலை.

இவ்வளவு மெதுவான வழி எதற்கு, பணத்தைப் போட்டு மண்ணையே மாற்றிவிடலாமே என்பார்கள். அந்த ஜின்சூ ஆற்றங்கரையில் அதைத்தான் செய்தார்கள். பாழ்பட்ட மண்ணுக்கு மேல் நல்ல மண்ணைப் பரப்பி வயல்களை மீட்டார்கள். 860 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்துக்கு, 1979இல் தொடங்கிய வேலை 2012இல் முடிந்தது. செல்வமும் தொழில்நுட்பமும் மிகுந்த நாட்டுக்கே முப்பத்துமூன்று ஆண்டுகள். நம் கணக்கில் இருப்பது 35,000 ஹெக்டேர். அவ்வளவுக்கும் நல்ல மண்ணை எந்த ஊர் ஏரியிலிருந்து, எந்த மலையடிவாரத்திலிருந்து தோண்டுவோம்? ஆகவே காத்திருப்பது எப்படியும் நம் தலையில் விழுந்திருக்கிறது. அந்தக் காலத்தை நிலம் தரிசாகக் கிடந்து, புழுதி பறந்து, உழவர் ஊரைவிட்டுப் போகும் காலமாகக் கழிக்கலாம். அல்லது கீரை விளைந்த இடத்தில் அரளி பூத்து, தொழு உரத்தால் மண் மெல்லத் தேறும் காலமாகவும் ஆக்கலாம்.

கடைசியாக, என்னை மிகவும் உறுத்தும் எதிர்வாதத்துக்கு வருகிறேன். பூச்செடி நடுவது மாசு செய்தவர்களைத் தப்பவிடாதா? ஆலையின் குழாய் ஒருபக்கம் கழிவைக் கொட்ட, மறுபக்கம் நான்கு வரிசை செண்டுமல்லியை நட்டுப் படம்பிடித்துப் போட்டால், அது ஊரை ஏய்ப்பதாகும். இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கான விடை 1996 தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, சுற்றுச்சூழலை மீட்கும் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்ற நெறியை அந்தத் தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது. பூச்செடித் திட்டத்தை இந்த நெறிக்குள் வைத்துப் பாருங்கள். முதலில் கழிவு வரும் வாய் அடைபட வேண்டும். பிறகு வயல் வயலாக மண்ணைச் சோதித்து, எந்த உலோகம், எவ்வளவு உப்பு என்ற விவரத்தை அந்த நிலத்துக்காரர் கையில் தமிழில் எழுதித் தர வேண்டும். அதன்படி அரளியா, சம்பங்கியா, செண்டுமல்லியா என்று முடிவாக வேண்டும். பறிப்பவருக்குக் கையுறையும், தட்டையைக் கொண்டுபோக வண்டியும், ஆண்டுதோறும் மறுசோதனையும் வேண்டும். இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட உழவர் தலையில் விழக் கூடாது. நிலத்தை அவர் கெடுக்கவில்லை. பூ விற்ற காசு அவருடையது. வேரைப் பிடுங்கி, எரித்து, சாம்பலைக் கிடங்கில் சேர்க்கும் செலவு, அந்த மண்ணில் நஞ்சை இறக்கியவர்களுடையது.